மச்சான்களின் இஞ்சி மிட்டாய்

தாப்பா ஊரைத் தாண்டி, கேமரன் மலைப்பாதை வளையத் தொடங்கும் இடத்தில் இரண்டு இஞ்சி மிட்டாய்க் கடைகள் எதிரெதிரே இருக்கின்றன. இந்தப் பக்கம் பிச்சைமுத்து, அந்தப் பக்கம் ஐயாவு. பிச்சைமுத்துவின் தங்கையைக் கட்டியவன் ஐயாவு. ஆகையால் ஒருவனுக்கொருவன் மச்சான். ஒரு காலத்தில் ஒரே அடுப்பில், ஒரே குவாலிச் சட்டியில் சேர்ந்து மிட்டாய் காய்ச்சியவர்கள்தாம். பிரிந்தது சொத்துக்காக அல்ல, பாகுக்காக. மிட்டாய் என்றால் கடித்ததும் ‘டக்’கென்று உடைய வேண்டும் என்பது பிச்சைமுத்துவின் கட்சி. உடைய அது என்ன ஓட்டாஞ்சில்லா, பல்லோடு கொஞ்ச நேரம் இழுபட்டு விளையாட வேண்டாமா என்பான் ஐயாவு. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், ‘இப்ப எறக்கு’, ‘எறக்காத’ என்று குவாலியின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பாகு கருகிப் புகைந்தது. தீபாவளி முடிந்த கையோடு எதிர்ப்பக்கம் இரண்டாவது கடை முளைத்துவிட்டது.

பார்வைக்கு இரண்டு மிட்டாயும் ஒட்டிப் பிறந்தவை போலத்தான் இருக்கும். அதே தேன் நிறம், அதே அளவு, அதே வெள்ளைத் தாள். வாயில் போட்டால்தான் யார் பிள்ளை என்று தெரியும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் என்று இருவருமே ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நல்லம்மாள்.

நல்லம்மாள் ஈப்போவில், புந்தோங் பகுதியில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதே வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போவாள். மச்சான்கள் இருவரும் அவளும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறிப் பாதி செம்பனையாகவும் பாதி தாமான் குடியிருப்பாகவும் ஆகிவிட்டது. ஆனால் அவர்களுக்கு அவள் இன்னும் நல்லம்மா அக்காதான். மலைக்குப் போகும்போது இரண்டு கடையிலும் மிட்டாய் வாங்கி வேனின் முன்பக்கம் வைத்துக்கொள்வாள். வளைவில் தலை சுற்றுகிறவர்களுக்கு அதுதான் மருந்து.

அவளுடைய நாக்கு ஊரறிந்த நாக்கு. புந்தோங்கில் கல்யாணமோ கருமாதியோ, சாம்பார் இறங்குமுன் சமையல்காரர் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அவளைத்தான் தேடுவார். “மல்லியக் கொஞ்சம் கருக விட்டுட்டீங்கண்ணே” என்பாள். சரியாக இருக்கும். வீட்டில் சமைப்பது அவள் கணவன் தேவன். பள்ளிக்கூடக் கேன்டீனில் காலமெல்லாம் சமைத்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடமே பாராட்டிய அந்தக் கைக்கு வீட்டில் மட்டும் ஒரு நாளும் பாஸ் மார்க் கிடைத்ததில்லை. “சீரகம் பச்சையா இருக்கு”, “மீன் நேத்து மீன்” என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு குற்றம் வரும். அவரும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறுநாளுக்கு மீன் வாங்கப் போவார்.

அப்படிப்பட்ட நல்லம்மாளுக்கு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மூக்கின் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் சளி அடைப்பு என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் காலை பக்கத்து வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தார்கள். தெருவே தும்மியது. நாய்கூட எழுந்து போய்விட்டது. இவள் மட்டும் சன்னலருகே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காப்பியும் வெறும் கசப்புச் சுடுநீராக இருந்தது. உப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, புளிப்பும் காரத்தின் எரிச்சலும் தெரிந்தன. ஆனால் இது கோழி, இது கத்தரிக்காய் என்று சொல்லும் அந்த ஒன்று இல்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் யாருக்கும் பெயர் இல்லாதது போல இருந்தது.

கிளினிக்கில் டாக்டர் நிதானமாகப் பேசினார். பலருக்குத் திரும்பி வரும், எப்போது என்று சொல்ல முடியாது, காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை என்று எதையாவது முகர்ந்து பழகுங்கள் என்றார். நல்லம்மாள் தலையாட்டிவிட்டு வந்தாள். தேவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் சமைப்பதையே விட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். ஊருக்குத் தெரிந்தால் கரண்டியோடு யாரும் தேடி வரமாட்டார்களே என்பது அதைவிடப் பெரிய பயம். தட்டில் எது வந்தாலும் “நல்லாருக்குங்க” என்று சாப்பிட்டு எழுந்தாள். கிராம்பு டப்பாவைப் போர்வைக்குள் ஒளித்து வைத்து முகர்ந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அனுஜா வந்தாள். தேவன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஞானசேகரம் மாஸ்டரின் மகள். ஈப்போ பழைய நகரில் ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தில் ஒரு சின்னக் கடை திறந்திருந்தாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப்போக பேராக் மாநிலப் பண்டங்கள் மட்டும் விற்கிற கடை.

“ஆன்டி, எனக்கு இஞ்சி மிட்டாய் ஒண்ணு வேணும். ரெண்டு வைக்க எடம் இல்ல. ரெண்டு அங்கிள்கிட்டயும் கேட்டேன். ‘அவன் மிட்டாய்க்குப் பக்கத்துல என் மிட்டாய் இருக்காது’னு ரெண்டு பேருமே ஒரே மாதிரி சொல்றாங்க. அப்புறம் ரெண்டு பேருமே, நல்லம்மா அக்கா சொன்னா சரின்னுட்டாங்க. நீங்கதான் சொல்லணும்.”

முடியாது என்று சொல்லிவிடத்தான் நல்லம்மாள் நினைத்தாள். வாய் என்னவோ, “அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு லா” என்றது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் நேரத்துக்கு முன்னால் எல்லாரும் அனுஜாவின் கடையில் கூடினார்கள். பிச்சைமுத்து கஞ்சி போட்ட பாத்தேக் சட்டையில் பெண் பார்க்க வந்தவன் போல உட்கார்ந்திருந்தான். ஐயாவு தன் மிட்டாய்க் கண்ணாடிப் புட்டியை மடியில் வைத்து அணைத்திருந்தான். தேவன், “நானும் சும்மா வாரேன்” என்று கூடவே வந்து வாசற்பக்கம் ஒரு முக்காலியில் அமர்ந்துகொண்டார்.

நல்லம்மாள் முதலில் பிச்சைமுத்துவின் மிட்டாயைக் கடித்தாள். வாசனை இல்லாத வாயில் மற்றதெல்லாம் துல்லியமாகக் கேட்டது. கண்ணாடி வளையல் நொறுங்குவது போல ஒரு சத்தம் காதுக்குள்ளேயே எழுந்தது. உடைந்த துண்டுகள் முதலில் கூர்மையாக நாக்கைக் குத்தின. பிறகு உருண்டு உருண்டு ஆற்றங்கூழாங்கல் போல வழவழப்பாயின. அதை அப்படியே சொன்னாள். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

அடுத்து ஐயாவுவின் மிட்டாய். முதலில் பல்லுக்கு இடம் கொடுக்காமல் முரண்டு பிடித்தது. அப்புறம் மனம் இளகி வளைந்தது. கடைவாய்க்கும் முன்பல்லுக்கும் நடுவில் ரப்பர் ஒட்டுப்பால் போல நீண்டு, அறுந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. வெளியே தூவிய மரவள்ளி மாவு முதல் நொடியில் உதட்டில் பட்டுப் போலப் படிந்து காணாமல் போனது. அதையும் சொன்னாள்.

“நான் செய்யற மிட்டாய்ல இவ்வளவு இருக்கா?” என்றான் ஐயாவு.

அனுஜா முன்னால் குனிந்தாள். “டேஸ்ட் ஆன்டி? டேஸ்ட்ல எது?”

நல்லம்மாளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இனிப்பு, அதன் பின்னால் தொண்டையில் ஓர் எரிச்சல். அவ்வளவுதான். “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மச்சான்கள் இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். நல்லம்மா அக்கா வாயிலிருந்து ‘நல்லாத்தான் இருக்கு’ வருவதா? ஐயாவு கொஞ்சம் நெருங்கி வந்தான். “அக்கா, இந்தத் தடவ புதுசா ஒண்ணு போட்டுக் காய்ச்சிருக்கேன். என்னான்னு சொல்லுங்க பாப்போம்.”

நல்லம்மாள் மென்றாள். இன்னும் மென்றாள். கன்னம் சூடானது. “ஏலக்காதானே?”

“எலுமிச்சத் தோலு, அக்கா” என்றான் ஐயாவு, மெல்லிய குரலில். அவனுக்குக் கோபம் வரவில்லை. பயந்துபோயிருந்தான்.

வாசற்பக்கத்திலிருந்து தேவனின் குரல் வந்தது. “அவளச் சோதிக்காதீங்கப்பா. அவளுக்கு வாசன போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.”

நல்லம்மாள் திரும்பினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ என் சமையல நல்லாருக்குன்னு சொன்னே.”

“அதனால?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ அப்படிச் சொன்னதில்ல நல்லம்மா. சரி, காய்ச்சல் வந்து கொணம் மாறிப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் சோதிச்சுப் பாத்தேன். பூண்டு இல்லாம, மொளகு இல்லாம, பெருங்காயம் இல்லாம, வெறும் புளித்தண்ணியக் கொதிக்க வச்சு உப்பும் மொளகாத்தூளும் போட்டு ரசம்னு ஊத்துனேன். ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சே. ‘அருமை’ன்னியே! எனக்குச் சோறு எறங்கல.”

“அப்ப ஏங்க என்கிட்ட கேக்கல?”

“போர்வைக்குள்ள கிராம்ப ஒளிச்சு வச்சுக்கிட்டு இருந்தியே. நீயாவே சொல்லட்டும்னு இருந்தேன்.”

நல்லம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. சிரிப்பு முந்திக்கொண்டது. புளித்தண்ணியை அருமை என்று குடித்ததை நினைத்து நினைத்துச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக மனசுக்குள் மூடி வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டினாள். ஊர் கரண்டியோடு தன்னைத் தேடாதோ என்று பயந்ததையும் சொன்னாள். அனுஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடைக்கு ஒண்ணும் அவசரம் இல்ல ஆன்டி. அந்த எடம் அப்படியே காலியா இருக்கட்டும்.”

பிச்சைமுத்து எழுந்தான். பாத்தேக் சட்டையின் கையை மடக்கினான். “அக்கா, பெந்தோங் இஞ்சி வாங்கி முறுகக் காய்ச்சித் தாரேன். அந்தக் காரத்துல மூக்கு தானாத் தொறக்கும் பாருங்க.”

“காரம் எதுக்கு? மூக்குக்கு வேண்டியது வாசன” என்றான் ஐயாவு. “கிராம்பு போட்டு நான் காய்ச்சுறேன்.”

“கிராம்பு போட்டா அது பல்வலி மருந்து மச்சான்!”

“நீ காய்ச்சுறது மட்டும் என்ன, கண்ணாடித் துண்டு!”

அன்று ஆரம்பித்தது புதுப் போட்டி. யார் மிட்டாய் நல்ல மிட்டாய் என்பது போய், யார் மிட்டாய் நல்லம்மா அக்காவின் மூக்கைத் திறக்கும் என்று ஆகிவிட்டது. தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு வருகிற யாரிடமாவது பொட்டலம் கொடுத்தனுப்பினார்கள். மிளகு மிட்டாய் வந்தது. செரை என்கிற எலுமிச்சைப்புல் போட்ட மிட்டாய் வந்தது. புதினாவில் ஒன்று, சுக்கில் ஒன்று. பிச்சைமுத்து அனுப்பிய ஒன்று எவ்வளவு காரம் என்றால், தேவன் அதை வாயில் போட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். காலையில் அவர் கிராம்பு, எலுமிச்சை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டுவார். நல்லம்மாள் கண்ணை மூடி முகர்வாள். “ம்?” என்பார். “ஒண்ணுமில்லங்க” என்பாள். “சரி, சாயந்திரம் பாப்போம்” என்று மூடி வைப்பார். இப்போது ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவளுக்கு அந்த ‘ஒண்ணுமில்ல’ முன்போல வலிக்கவில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. ஒரு கல்யாண வீட்டார் மலைக்குப் போக வேன் பிடித்தார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் மாமா விக்னேஸ்வரன் ஆஜானுபாகுவான மனிதர். லூமுட் கடற்படைத் தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முன் இருக்கை எனக்கு என்று ஏறி உட்கார்ந்தார். வளைவுகளுக்கு முன்னால் நல்லம்மாள் மிட்டாய் டின்னை நீட்டினாள்.

“எனக்கா?” என்று சிரித்தார். “அக்கா, வடகிழக்குப் பருவக்காத்துல கப்பல் இப்படி இப்படி ஆடும். எல்லாரும் படுத்துருவானுங்க. நான் மட்டும் நின்னுக்கிட்டு நாசி லெமாக் சாப்புடுவேன். இந்த ரோடு என்னை என்ன பண்ணும்?”

“உங்க இஷ்டம் லா” என்று டின்னைப் பின்னால் அனுப்பினாள்.

சாலையோர அருவியைத் தாண்டியதும் மாமாவின் பேச்சு குறைந்தது. அடுத்த வளைவுகளில் நின்றே போனது. நல்லம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். முகம் வேப்பிலை நிறத்தில் இருந்தது. “நிப்பாட்டவா?” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கப்பல் கவிழ்ந்துவிட்டது. காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி சம்பல், முட்டை எல்லாம் வேனின் முன்பக்கம் முழுவதும்.

பின்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார்கள். “சன்னலத் தொற! சன்னலத் தொற!” நல்லம்மாள் சாலையோரம் வேனை நிறுத்தினாள். பாவம் மனுசன் என்று துணியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எங்கோ தூரத்திலிருந்து வருவது போல ஏதோ வந்தது. புளித்துப்போன ஒன்று. அதற்குள் தேங்காய்ப்பால். அதற்குள் நெத்திலி. மறுபடி மூச்சை இழுத்தாள். இருந்தது. இன்னும் ஆழமாக இழுத்தாள்.

“நாறுது!” என்றாள்.

“மன்னிச்சிருங்கக்கா…” என்றார் விக்னேஸ்வரன், தலை தூக்க முடியாமல்.

“நாறுதுய்யா! ஐயோ, என்னமா நாறுது!” நல்லம்மாள் கை தட்டினாள். வேனை விட்டுக் குதித்து இறங்கினாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மறுபடி கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள். “நெத்திலி! சம்பல்ல நெத்திலி!” கல்யாண வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு பெண் காதோடு சொன்னாள். நல்லம்மாள் அந்தப் பெரிய மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க நல்லாருக்கணும் தம்பி. உங்க குடும்பமே நல்லாருக்கணும்.” பிறகு நடந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை முதலில் சிரித்தான், அப்புறம் வேனே சிரித்தது. விக்னேஸ்வரனும் ஈரத் துணியால் முகத்தை மூடியபடி குலுங்கினார். அவரே எழுந்து பக்கத்துச் சாலையோரக் கடையில் வாளியும் தண்ணீரும் வாங்கி வேனைக் கழுவினார்.

சாலையோரத்தில் நின்றே தேவனுக்குப் போன் போட்டாள். “வந்துருச்சுங்க!” என்றாள். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் வந்தது. “கேக்குதா?” என்றாள். “ம்” என்று மட்டும் வந்தது. அந்த ‘ம்’ ஈரமாக இருந்தது.

மலையில் தேயிலை வாசனை மங்கலாக வந்து வந்து போனது. ஈரமண் கொஞ்சம் தெளிவாக வந்தது. சில வாசனைகள் ஆளை மாற்றிக்கொண்டு வந்தன. ஸ்ட்ராபெரிப் பழத்தில் சோப்பு வீசியது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாவற்றையும் முகர்ந்தாள். கல்யாண வீட்டார் ஆளுக்கொன்றாக எதையாவது கொண்டுவந்து நீட்டி, “இது தெரியுதா ஆன்டி?” என்று விளையாடினார்கள்.

மாலையில் இறங்கும்போது இரண்டு கடைகளுக்கும் நடுவில் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்தாள். மச்சான்கள் இருவரும் ஓடி வந்தார்கள். விஷயம் கேட்டதும் பிச்சைமுத்து, “எந்த மிட்டாய்ல தொறந்துச்சு?” என்றான். அவள் விக்னேஸ்வரனைக் கைகாட்டினாள். அவர் எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.

“இப்பப் போய் மருந்து மிட்டாய் இல்ல, வழக்கமா விக்கிறீங்களே, அதக் கொண்டுவாங்க” என்றாள் நல்லம்மாள்.

நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். முதலில் உடைகிற மிட்டாய், பிறகு தண்ணீர், பிறகு இழுபடுகிற மிட்டாய். மறுபடியும் முதலிலிருந்து. கல்யாண வீட்டார் மூச்சு விடாமல் சுற்றி நின்றார்கள். ஐயாவுவின் மிட்டாயை ஒவ்வொரு முறை மெல்லும்போதும் இஞ்சியின் மணம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி மூக்கின் பின்பக்கத்தைத் தட்டியது. மங்கலாகத்தான். ஆனாலும் இஞ்சிதான், அப்போதுதான் மண்ணிலிருந்து பிடுங்கிய இஞ்சி. அவள் கண் கலங்கியது.

“பிச்சைமுத்து, ஒன் மிட்டாய் ஒடையற ஒடச்சலுக்கு ஈடே கெடையாது” என்றாள். “ஆனா வாசன வெளிய வரமாட்டேங்குது. இஞ்சிய ஆரம்பத்துலயே போட்டுக் கொதிக்க வுடுற, பாதி ஆவியாப் போயிருது. ஐயாவு மிட்டாய் பேசுது. அனுஜா கடைக்கு ஐயாவு மிட்டாய்தான்.”

ஐயாவு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பிச்சைமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தான். முகம் உப்பிப் போயிருந்தது. பிறகு மெல்ல நடந்து வந்து, ஐயாவுவின் புட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தான். தனிக்கடை போட்ட நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதே இல்லை. தாளைப் பிரித்தான். வாயில் போட்டான். தாடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெகுநேரம் அசைந்தது. எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பல்லுல ஒட்டுது மச்சான்” என்றான்.

சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டான்.